எங்க ஏரியா மாஜாங்

தெரியாததைத் தெரியும் என்று சொல்லக் கூடாது என்கிறார்கள். சரி, நான் எங்கே அப்படிச் சொன்னேன்? எனக்கு மாஜாங் தெரியும் என்று சொன்னபோது அது முழு உண்மை. மதியம் சாப்பிட்டதும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தினமும் ஆடுவேன். கோபுரம் மாதிரி அடுக்கிய சீனக் கட்டைகளில் ஒரே படம் போட்ட இரண்டைக் கண்டுபிடித்துத் தட்டினால் இரண்டும் மறைந்துவிடும். எல்லாம் மறைந்தால் வெற்றி. எங்கள் மாடியில் என் வேகத்துக்கு ஆளே கிடையாது. (வேலையில் அந்த வேகம் இல்லை என்பார் மேனேஜர். அது வேறு விஷயம்.)

இரண்டாயிரங்களின் தொடக்க வருடங்கள். சென்னையை அடுத்த படூர் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். ஹாங்காங்கிலிருந்து கிளையண்ட் மூன்று பேர் வந்திருந்தார்கள். எங்கள் டீமில் ஒருவரை ஆறு மாதம் அங்கே அனுப்பப் போவதாகப் பேச்சு. ஆபீசுக்குத்தான் அது பேச்சு. எங்கள் ஊர் புதுப்பட்டினத்தில் என் அம்மா தெருவுக்கே சொல்லி முடித்து, சக்கரம் வைத்த சிவப்பு சூட்கேஸும் வாங்கிவிட்டாள். அதுவரை எங்கள் வீட்டில் பயணம் என்றால் கட்டைப்பைதான். இனி நான் போகாமல் இருந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது.

வந்தவர்களை மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் தங்கவைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் எங்கள் டீமையும் அங்கே விருந்துக்கு அழைத்தார். சாப்பிட்டதும் அவர்களின் தலைவி, திருமதி லிம், ஒரு பெட்டியைத் திறந்தார். மாஜாங்! நான்கு பேர் வேண்டும், ஒரு ஆள் குறைகிறது என்றார். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள், எனக்குத் தெரியும் என்று சொல்லி நான் போய் உட்கார்ந்துவிட்டேன். என் டீமில் இருந்த ஸ்டெல்லா, வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

கட்டைகளைக் கவிழ்த்துக் கலக்கிவிட்டு, அவரவர் முன்னால் அடுக்கச் சொன்னார் லிம். அவர்கள் மூவரும் செங்கல் வரிசை மாதிரி இரண்டடுக்குச் சுவர் வைத்தார்கள். நான் என் பங்கைப் படம் தெரிய நிமிர்த்திக் கோபுரம் கட்டினேன். நல்ல கோபுரம். மாமல்லபுரத்தில் கல் செதுக்குகிறவர்கள் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்கள். லிம் அதைக் கலைத்துவிட்டு மறுபடி கலக்கச் சொன்னார். (இடித்தபோதே நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.)

ஆட்டம் தொடங்கியது. ஒரு கட்டை எடுக்க வேண்டும், வேண்டாததை நடுவில் போட வேண்டும். நடுவில் பறவைப் படம் போட்ட கட்டைகள் இரண்டு கிடந்தன. கை சும்மா இருக்குமா? அள்ளிச் சட்டைப் பையில் போட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தைரியம் வந்தது. அடுத்து லிம், ஒரே படம் போட்ட மூன்று கட்டைகளைச் சேர்த்துத் தன் முன்னால் பெருமையாக விரித்துவைத்தார். அதில் இரண்டை எடுத்துக்கொண்டேன்.

லிம் என் கையைப் பிடித்தார். இது எந்த ஊர் ஆட்டம் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மேனேஜர் மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் நான் புதுப்பட்டினம் கடற்கரையில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன். கடலில் அடித்தால் அவுட், படகில் பட்டால் நாலு ரன். வெளியூர்க்காரன் சண்டைக்கு வந்தால் ஒரே பதில்தான். அதையே சொன்னேன்.

“மேடம், திஸ் இஸ் அவர் ஏரியா ரூல்.”

லிம் சிரிக்கவில்லை. உங்கள் ரூலில் யார் ஜெயித்தார் என்பதை எப்படி முடிவு செய்வீர்கள் என்று கேட்டார். ஆடுவதே ஒருவர்தான், அவர்தான் ஜெயிப்பார் என்றேன். என் சட்டைப் பையைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, வேறு ஆள் உண்டா என்று மேனேஜரைக் கேட்டார். ஸ்டெல்லா கையைத் தூக்கினாள். நான் செய்ததையெல்லாம் செய்யாமல் இருந்தாலே போதும் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்குப் புரிந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் ஒரு ஆட்டம் ஜெயித்தும்விட்டாள். ஹாங்காங்கும் அவளுக்கே போனது.

அது போதாதென்று, ஹாங்காங் கிளம்புவதற்கு முன் ஆபீசில் என் மேஜைக்கு வந்து நின்றாள். “உங்க வீட்டுல புது சூட்கேஸ் ஒண்ணு சும்மா இருக்காமே. ஆறு மாசத்துக்குத் தர்றீங்களா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் கொடுத்தேன். (அழகாக வேறு இருந்தாள்.)

சூட்கேஸ் திரும்பி வந்தபோது உள்ளே எனக்கென்று ஒரு மாஜாங் பெட்டி இருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்க அடிக்கடி வீட்டுக்கு வந்தவளையே கல்யாணம் செய்துகொண்டேன். அன்றிலிருந்து அவளிடம் தோற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் நிலைப்பாடு மாறவில்லை. ஒவ்வொரு முறை தோற்றதும், எங்க ஏரியா ரூல்படி ஜெயித்தது நான்தான் என்று அறிவிப்பேன். உடனே அம்மா, விமான நிலையத்தில் ஒட்டிய சீட்டுடன் இன்னும் பரண்மேல் இருக்கும் அந்தச் சிவப்பு சூட்கேஸை நிமிர்ந்து பார்ப்பாள். பிறகு என்னிடம் சொல்வாள்:

“ரூலு இன்னாவா இருந்தா இன்னாடா? நீ இங்கியே தான குந்திகினு கீற. ஆங்காங் பாத்தது பொட்டி தான?”