காது கொடுத்த தலைமையாசிரியர்

பேனாவை மூடுவார். மூடிய பேனாவை மேசை விளிம்போடு ஒட்டி நேராக வைப்பார். தலையை இடது தோள் பக்கம் லேசாகச் சாய்ப்பார். பிறகு, நீங்கள் வாய் திறப்பதற்கு முன்பே, மெதுவாக ஆட்டத் தொடங்குவார். வாசகரே, நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்: பயிற்சிக்குப் போய்வந்த தலைமையாசிரியர் என்கிற இனம் இதுதான்.

போவதற்கு முன் அவரும் நம்மைப் போல மனிதர்தான். கத்துவார், உடனே மறந்துவிடுவார், கேட்டதற்கு 'சரி' என்றோ 'முடியாது' என்றோ சொல்லித் தொலைப்பார். மாநகரத்துத் தலைமையாசிரியர்களையெல்லாம் குளுகுளு அரங்கில் உட்காரவைத்துத் தலைமைப் பண்பு புகட்டி அனுப்பினார்களே, அன்றோடு போயிற்று. வரிசையாக இருந்த நாற்காலிகள் வட்டமாயின. உத்தரவுகள் 'பகிர்தல்' ஆயின. பியூனைக் கூப்பிட்டால்கூட முதலில் அவர் மனநிலையை விசாரித்தார். வருஷங்கள் ஓடிவிட்டன. காய்ச்சலாக இருந்தால் இந்நேரம் இறங்கியிருக்காதா?

இதில் வகையாக மாட்டிக்கொண்டவர் துணைத் தலைமையாசிரியை. பள்ளி கேட்டின் தாழ்ப்பாள் உடைந்துவிட்டது. வெளியே லாரிகள் பறக்கிற சாலை. உள்ளே நடக்கவே தெரியாத, ஓட மட்டுமே தெரிந்த ஒன்றாம் வகுப்பு. தலைமையாசிரியர் சரி என்று சொல்லாமல் ஓர் ஆணிகூட வாங்க முடியாது.

"சார், கேட் தாழ்ப்பாள் உடைஞ்சிருச்சு."

"அதாவது, தாழ்ப்பாள் உடைஞ்சிருச்சுன்னு சொல்ல வர்றீங்க."

"ஆமா சார். புள்ளைங்க ரோட்டுக்கு ஓடிருங்க."

"அது உங்களுக்குக் கவலையா இருக்கு."

"உங்களுக்கு இல்லையா சார்?"

"நல்ல கேள்வி. நீங்க என்ன நினைக்கிறீங்க?"

டீச்சர் என்ன நினைத்தார் என்பதை அச்சில் ஏற்ற முடியாது.

வாராவாரம் வட்டம் கூடியது. ஓவிய ஆசிரியர் தன் சின்ன வயது வீட்டுக் கதவைப் பற்றிப் பகிர்ந்து கண்கலங்கினார். தாழ்ப்பாள் மட்டும் வரவில்லை. டீச்சர் இடைவேளைதோறும் கேட்டை முதுகால் முட்டுக்கொடுத்தபடி டீ குடித்தார். பிள்ளைகள் அவருக்குத் 'தாழ்ப்பாள் டீச்சர்' என்று பெயர் வைத்தார்கள். கோபித்துக்கொள்ளவும் வழியில்லை, உண்மைதானே?

ஒருநாள் இந்த மனிதத் தாழ்ப்பாள் தும்மியது. அந்த ஒரு தும்மலில் கேட் திறந்து, பந்து ஓடி, பந்தின் பின்னால் ஒரு வாண்டும் ஓட, டீச்சர் பாய்ந்து அதன் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கவும் லாரி ஒன்று அலறிக்கொண்டு கடக்கவும் சரியாக இருந்தது. வாண்டு சிரித்தது. டீச்சர் அதை வகுப்பில் விட்டுவிட்டு நேராகத் தலைமையாசிரியர் அறைக்குப் போய் உட்கார்ந்தார்.

அவர் பேனாவை மூடினார். தலையைச் சாய்த்தார். டீச்சரும் சாய்த்தார்.

"ஒரு புள்ள லாரிக்கு முன்னால ஓடிருச்சு சார். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

இதுவரை யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. ஆடிக்கொண்டிருந்த தலை நின்றது. முகம் வெளுத்தது.

"தாழ்ப்பாள... மாத்தணுமோ?"

"அதாவது, மாத்தணும்னு சொல்ல வர்றீங்க."

"ஆமா."

"இன்னிக்கேன்னு சொல்ல வர்றீங்க."

"ஐயோ, ஆமா டீச்சர், இன்னிக்கே! ஆள விடுங்க!"

சாயங்காலமே வெல்டர் வந்தார். பொறி பறந்தது.

சுபம் என்று எழுந்துவிடாதீர்கள். வீட்டில் டீச்சரின் கணவர், "என்னம்மா, சாப்பாடு ரெடியா?" என்றார். டீச்சரின் தலை தானாகச் சாய்ந்தது.

"பசிக்குதுன்னு சொல்ல வர்றீங்க."

ஒட்டுவாரொட்டி, ஐயா! நீங்களும் இவ்வளவு நேரம் மெதுவாகத் தலையாட்டிக்கொண்டேதானே படித்தீர்கள்? எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தொட்டுப் பாருங்கள்.

ஒரு விஷயம் பிற்பாடுதான் தெரிய வந்தது. பயிற்சி மொத்தம் இரண்டு நாள். முதல் நாள் காது கொடுப்பது, மறுநாள் முடிவெடுப்பது. மறுநாள் வகுப்பைக் காலையில் வைத்துக்கொள்ளலாமா, மதியமா என்று பயிற்சியாளர் கேட்டிருக்கிறார். அத்தனை பேரும் பேனாவை மூடி, தலையைச் சாய்த்து, ஒருவருக்கொருவர் காது கொடுத்துக்கொண்டே இருந்ததில் மறுநாள் பொழுதும் போய்விட, முடிவெடுக்கிற வகுப்பே நடக்காமல் சான்றிதழை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம்.