கூடிப்போன எண்ணூறு

நாலாவது தடவை எண்ணியும் பணப்பெட்டியில் எண்ணூறு கூடுதலாகவே இருந்தது.

சங்க அறையிலிருந்து அன்று காலைதான் பெட்டியை வீட்டுக்கு எடுத்துவந்திருந்த மரம் வளர்ப்போர் சங்கத்தின் பொருளாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். பகலெல்லாம் மில்லில் பலகை சுமக்கிற மனிதர். ஒன்பது வருஷமாகச் சங்கக் கணக்கு ஒரு காசு பிசகியதில்லை என்பதுதான் அவருக்கிருந்த ஒரே பெருமை. ஐந்து மணிக்கு ஆண்டுக் கூட்டம். பிசகினால் பதவியும் போகும், மானமும் போகும்.

"செலவு எதையாச்சும் ரெண்டு தடவை எழுதிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"நீ சொன்னியேன்னு இந்த வருஷம் அன்னன்னிக்கே எழுதினேன். எல்லாம் உன்னாலதான்!"

"ஆமா, பணம் குட்டி போட்டதுக்கும் நான்தான் காரணம்!"

புத்தகத்தைத் திருத்தவும் வழியில்லை. நேற்றே தலைவர், "நீ எழுதினா சரியாத்தாம்ப்பா இருக்கும்" என்று புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கூடினதைச் செலவழித்துவிடலாமென்று நாற்றுப் பண்ணைக்கு ஓடினார்.

"எண்ணூறுக்குக் கன்னு குடுங்க."

"சங்கத்துக்கா? காசை உள்ள வைங்கண்ணே. இந்தாங்க, என் பங்கா ஒரு இருநூறு!"

இப்போது ஆயிரம். மண்வெட்டிப் பட்டறைக்கு ஓடினார்.

"வாங்க மாமா! மண்வெட்டி எல்லாம் தீர்ந்துபோச்சு. ஆனா போன தடவை உங்ககிட்ட முன்னூறு கூட வாங்கிட்டேன். புடிங்க!"

ஆயிரத்து முன்னூறு. மணி நாலே முக்கால்.

வேறு வழி தெரியாமல் கூடுதலை மேல்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். எல்லார் முன்னாலும் பெட்டியை எண்ணினார்கள். புத்தகத்தோடு அச்சாகப் பொருந்தியது. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பூரித்துப்போன பொருளாளர் எழுந்து நன்றாகக் குனிந்து வணக்கம் சொன்னார்.

பையிலிருந்த நோட்டெல்லாம் பொலபொலவென்று தரையில் கொட்டியது.

"அடப்பாவி! பெட்டியிலிருந்து எடுத்ததா?" என்று கத்தினார் முன்வரிசைக்காரர்.

"ஐயோ, எடுக்கலைங்க! கூடிப்போச்சுங்க! பெட்டியில எண்ணூறு தானாவே கூடிப்போச்சு!"

ஒருவரும் நம்பவில்லை. இன்னொரு சாவி வைத்திருந்த தலைவர் மட்டும் முகம் சிவந்து, மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு வாசலில் நின்ற, சங்க அறை பெருக்குகிற அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அவரை விடுங்கய்யா! ஒம்பது வருஷமா கணக்குல குறையறதைத் தலைவர்தான் கூட்டத்துக்கு முந்தின நாள் வந்து கைக்காசைப் போட்டுச் சரிக்கட்டுவாரு. இந்தத் தடவை எண்ணிக்கூடப் பார்க்காம வழக்கம்போல எண்ணூறைப் போட்டுட்டாரு, அண்ணன் சரியா எழுதித் தொலைப்பாருன்னு யாரு கண்டா!"