வில்லியனூர் தோற்க வேண்டும்

தையல் ஊசி தோல்பந்தின் வயிற்றில் வளைந்து நின்றது. கனகாம்பாள் அதை நிமிர்த்தப் பார்த்தாள், ஒடிந்துபோனது. ஆத்திரம் தாங்காமல் பந்தை ஒரு கல்லோடு சாக்கில் போட்டுக் கட்டி, மாட்டுக் கழுநீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனாள்.

சாயங்காலம் அவள் புருஷன் பலராமன் எப்படியோ மோப்பம் பிடித்துப் பந்தை வெளியே எடுத்துவிட்டான். கழுநீர் சொட்டச் சொட்டத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தோலு நல்லா ஊறிப் பதமாயிடுச்சு கனகு" என்று சொல்லி, அதை வேட்டியால் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு எண்ணெய் தடவத் தொடங்கினான். கல்யாணமான நாளாய்த் தன் தலைக்கு ஒரு சொட்டு எண்ணெய் வைத்துவிடாத கை, மாட்டுத் தோலை இப்படி நீவிக் கொடுப்பதைப் பார்த்தபோது கனகாம்பாளுக்கு வயிறு எரிந்தது.

பக்கத்து வீட்டு வேலம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "உனக்குச் சக்களத்தி வந்துட்டாடி. காலில்ல, கையில்ல, ஆனா என்னமா மயக்கி வெச்சிருக்கா பாரு" என்றாள். அவள் சிரிப்பதற்குத்தான் சொன்னாள். கனகாம்பாள் சிரிக்கவில்லை.

எல்லாம் இன்னாசிமுத்துவால் வந்த வினை. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கி வந்த மனிதர், வில்லியனூரில் மாந்தோப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கால்பந்துக்கு ஆள் சேர்த்தார். அங்கே மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை இறக்குவதுதான் பலராமனுக்கு வேலை. வண்டிமேல் இருந்து வீசுகிற மூட்டையை அவன் நெஞ்சோடு தாங்கிப் பிடிப்பதை ஒரு நாள் அவர் பார்த்துவிட்டார். கிருமாம்பாக்கத்தில் இவர்கள் வீடு வரைக்கும் தேடி வந்து, "உன் புருஷனைக் கோல்ல நிறுத்தப் போறேம்மா" என்று கனகாம்பாளிடமே சொல்லி, அவள் கையால் மோரும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அந்த வருஷம் பிரெஞ்சிந்தியா முழுமைக்கும் ஒரு கோப்பை வைத்திருந்தார்கள். காரைக்கால், மாகே, சந்திரநாகூரிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். ஒரே ஒரு ஆட்டம் தோற்றாலும் அதோடு வெளியே போய்விட வேண்டியதுதான். ஜெயிக்கிறவர்கள் ஜெயித்துக்கொண்டே போய்க் கடைசியில் கோப்பையைத் தூக்க வேண்டும். ஆட்டம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை.

அதுதான் கனகாம்பாளுக்குப் பொறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நாள். இரண்டு பேரும் கடலோரத்து நல்லவாட்டுக்கு நடந்துபோய் மீன் வாங்கி, வரும் வழியில் வாய்க்கால் மதகில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு வருவார்கள். வாரம் பூராவும் மூட்டையோடு கிடக்கிற மனுஷன் அந்த ஒரு நாள்தான் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவான். இப்போது அந்த நாளையும் பந்து தின்றுவிட்டது.

ஆக, வில்லியனூர் தோற்க வேண்டும். ஒரே ஒரு தடவை தோற்றால் போதும்.

முதல் ஆட்டத்தன்று அம்மன் கோயிலுக்குப் போய், தோற்றால் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். இருட்டுகிற நேரத்துக்குப் பலராமன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். முகமெல்லாம் புழுதி. அவள் வாசலிலேயே காத்திருந்தாள்.

"இன்னா மாமா, தோத்துட்டியா?"

அவள் குரலில் அப்படி ஒரு தேன் ஒழுகியது. பலராமன் அவளையே சற்று நேரம் பார்த்தான். "ஜெயிச்சிட்டோம்" என்றான்.

அம்மன் கைவிட்டபிறகு கனகாம்பாள் தன் கையையே நம்பினாள். வயிறு நிறைந்தவன் குனிய மாட்டான். குனியாதவன் பந்தைப் பிடிக்க மாட்டான். அடுத்த ஞாயிறு ஒரு கோழியை அடித்து, மிளகு தூக்கலாகக் குழம்பு வைத்து, மலைபோலச் சோற்றைக் கொட்டினாள். அவன் போதும் என்றபோதெல்லாம் இன்னும் ஒரு கரண்டி விழுந்தது. சைக்கிளில் ஏறவே அவனுக்கு இரண்டு தடவை முயற்சி செய்ய வேண்டியிருந்தது. கனகாம்பாள் நிம்மதியாகப் போய்ப் படுத்தாள்.

சாயங்காலம் அவன் வந்தபோது கண் இரண்டும் உப்பியிருந்தது. தலையில் ஒரு காய்ந்த இலை. ஆனால் ஆள் என்னவோ வாடாத பூ மாதிரி இருந்தான்.

"உன் கொழம்புதான் கனகு. அந்தத் தெம்புலதான் ஜெயிச்சோம்."

அவளுக்கு அழுகை வந்தது. அதை அவன் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டான், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டான்.

விடக் கூடாது என்று அதற்கடுத்த வாரம் கோழியோடு எண்ணெய்க் குளியலையும் சேர்த்தாள். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள். கை வழுக்கினால் பந்து நழுவும். எண்ணெய் தேய்த்த உடம்பு எப்படியும் தூக்கத்தில் விழும். பலராமன் சொக்கிப்போய்க் கொட்டாவி விட்டுக்கொண்டே கிளம்பினான். காரைக்கால்காரன் அடித்த பந்தெல்லாம் கையில் ஒட்டிக்கொண்டதாகத் திரும்பி வந்து சொன்னான்.

கோழிக்கூடு காலியாகிக்கொண்டு வந்தது. வேலம்மாள், "கொஞ்சம் பட்டினி போட்டுத்தான் பாரேன்" என்று யோசனை சொன்னாள். சரி என்று மறு ஞாயிறு வெறும் கேழ்வரகுக் கூழை மட்டும் கரைத்து வைத்தாள். பலராமன் கூழைப் பார்த்தான், கூட்டைப் பார்த்தான், குடித்துவிட்டுப் போனான். அன்று அவன் திரும்பி வந்து சொன்னதுதான் அவளை ஒரேயடியாகக் கவிழ்த்துவிட்டது.

"சந்திரநாகூர்க்காரன் நல்லா ஆடுனான் கனகு. ஆனா கூழு பாரு, ஒடம்பு காத்தாட்டம் இருந்துச்சு, பறந்து பறந்து புடிச்சேன். கோழி மட்டும் தின்னுட்டுப் போயிருந்தேன்னா, நிச்சயம் தோத்திருப்போம்."

சொன்னவன் வாயிலிருந்தே வழி வந்துவிட்டது. கடைசி ஆட்டத்துக்கு, மிச்சமிருந்த ஒற்றைச் சேவலையும் கனகாம்பாள் அறுத்தாள். அது அவளுடைய அம்மா வீட்டிலிருந்து வந்த சேவல். கோப்பையை ஜெயித்தால் அணியையே கப்பலேற்றி பிரான்சுக்குக் கூட்டிப் போவார்களாம் என்று வேலம்மாள் எங்கிருந்தோ கேட்டுவந்து போட்டிருந்தாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டுமா போகும், புருஷனே அல்லவா போய்விடுவான்.

அவளும் வருவதாகச் சொன்னதற்குப் பலராமன் பதறினான். புதுச்சேரி மைதானத்தில் கூட்டம் நெரிக்கும், துரைமார் வருவார்கள், பெண்பிள்ளைக்கு அது இடமில்லை என்று என்னென்னவோ சொன்னான். இவ்வளவு பதற்றம் எதற்கு? பந்தோடு தனியாக இருக்க ஆசைப்படுகிறான் போலிருக்கிறது என்று அவளுக்கு இன்னும் எரிந்தது. அவன் சேவல் குழம்பை முடித்துவிட்டுச் சைக்கிளை எடுத்ததும், அவள் வேலம்மாளை இழுத்துக்கொண்டு கடலூர் சாலையில் மோட்டார் வண்டியை நிறுத்தி ஏறினாள். கோலுக்குப் பின்னால் போய் நின்று, பந்து வருகிற சமயம் பார்த்து "மாமா" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்காமலா போய்விடுவான்?

மைதானத்தில் பாண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. குடைகளும் தொப்பிகளுமாக ஒரே கூட்டம். முட்டி மோதி ஒரு பக்கத்துக் கோலுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே நின்றவன் தென்னை மரம் மாதிரி உயரமாக, சிவப்பாக இருந்தான். பலராமன் இல்லை. சரி, அடுத்த பக்கம்தான் என்று மைதானத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். அங்கே ஒரு வழுக்கைத் தலையர் குதித்துக்கொண்டிருந்தார்.

கனகாம்பாள் குடைகளுக்கு நடுவே அவன் முகத்தைத் தேடினாள். சேவலைத் தின்றுவிட்டு வழியில் எங்கேயாவது விழுந்துகிடக்கிறானோ? வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதாவது வாய்க்கால் ஓரத்தில்? தோற்கட்டும் என்று நினைத்தாளே ஒழிய, அவன் துன்பப்படட்டும் என்றா நினைத்தாள்? பந்தை அவனே வைத்துக்கொள்ளட்டும், நடு வீட்டிலேயே வைத்துக்கொள்ளட்டும், ஆள் முழுசாக வந்தால் போதும் என்று அம்மனுக்கு அங்கேயே நின்று வேண்டுதலை மாற்றிப் போட்டாள்.

அப்போதுதான் கூட்டத்தில் இன்னாசிமுத்து நிற்பது தெரிந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சாவகாசமாக மல்லாட்டையை உரித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். கனகாம்பாள் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

"அண்ணே, ஆட்டம் ஆரம்பிச்சிடுச்சு, நீங்க வெளிய நிக்கிறீங்களே. உங்க ஆளுங்கல்லாம் எங்க? எங்க வூட்டுக்காரரு எங்கண்ணே?"

இன்னாசிமுத்து அவளை அடையாளம் கண்டுகொண்டு, கையிலிருந்த தோலை ஊதிவிட்டுச் சொன்னார்:

"நாங்க மொத ஆட்டத்துலயே தோத்து வெளிய வந்துட்டமே தங்கச்சி, பலராமன் ஞாயித்துக்கெழமையானா நம்ம மாந்தோப்புலதான் படுத்துத் தூங்குவான், கேட்டா 'நான் தோக்கணும்னு எம் பொண்டாட்டி வாரா வாரம் கோழி அடிச்சிப் போடுறா, அப்பறம் எப்பிடிண்ணே தோக்குறது'ங்கிறான்."