ஆறாவது ஆள் பொமராயும் ஒரெஸ்டின் பேஸ்மெண்ட்டும்

எதை வேண்டுமானாலும் மனைவிக்கு விட்டுக்கொடுப்பது, பேஸ்மெண்ட்டை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஒரெஸ்ட் பாபியாக் தீர்மானம் போட்டார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்து முடித்தாகிவிட்டது. மாடியறை இரண்டிலும் லெஸ்யாவின் துணி மூட்டைகள். கராஜில் பாதி, சாப்பாட்டு மேசையில் முக்கால்வாசி அவளுடையது. அவள் ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவள். கனடாவின் யார்க்டன் ஊரில் பாதிப் பேர் குளிர்காலத்தில் அவள் போர்வைக்குள்தான் தூங்குகிறார்கள். இப்போது பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு போர்வை மெஷின் வாங்க ஆசைப்பட்டிருந்தாள். அந்த வீட்டில் பன்னிரண்டு அடி காலியாக இருந்த இடம் பேஸ்மெண்ட் ஒன்றுதான்.

பேஸ்மெண்ட்டில் ஒரெஸ்டின் லீக் இருந்தது. எட்டு நண்பர்கள், எட்டு ஐஸ் ஹாக்கி அணிகள். ஆட்டக்காரர் ஒருவருக்கும் உடம்பு கிடையாது, எண்கள்தான். வேகம் அறுபது, அடி எண்பது, நிதானம் நாற்பது என்று கம்ப்யூட்டருக்குள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த வாரம் யார் யார் ஆடுவது என்ற பட்டியலை வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அனுப்பிவிட வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் ரிட்டயர்டு தபால்காரர் வெர்ன் ஒரு பொத்தானை அழுத்துவார். கம்ப்யூட்டர் தானே அணிக்கு மூன்று ஆட்டம் ஆடிவிட்டு முடிவைச் சொல்லும். ஒருவருக்கும் வியர்க்காது, ஒரெஸ்டைத் தவிர.

ஒரெஸ்டுக்கு அதில் ஒரு தனி வித்தை உண்டு. ஒவ்வொரு அணியிலும் தடுப்பாட்டக்காரர்கள் ஆறு பேர், மூன்று ஜோடி. முதல் நாலு பேரைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். ஐந்தாவது ஆளையும் ஆறாவது ஆளையும் பெற்ற தாயே கண்டுகொள்ள மாட்டாள். அந்தக் கடைசி ஜோடிகளைத்தான், எட்டு அணிக்கும் சேர்த்துப் பதினாறு பேரை, ஒரெஸ்ட் ஞாயிறுதோறும் ஒப்பிட்டு ஒன்பது பக்கம் எழுதி எல்லாருக்கும் அனுப்புவார். பதினொரு வருஷமாக இந்தத் தொண்டு. எல்லாரும் "பிரமாதம்" என்பார்கள். சந்தேகப்பட்டு ஒருமுறை நாலாம் பக்கத்து நடுவில் பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையின் செய்முறையை நுழைத்துப் பார்த்தார். அந்த வாரமும் "பிரமாதம்" என்றுதான் வந்தது.

அவருடைய சொந்த அணியான காட்டெருமைகள் பதினொரு வருஷத்தில் ஒருமுறைகூடக் கோப்பை வாங்கவில்லை. எழுதும்போது நிதானத்தைப் புகழ்வார். ஆள் எடுக்கும்போது, அடி எண்பது என்று கண்டால் போதும், புத்தி தடுமாறிவிடும்.

தீர்மானம் போட்ட சூடு ஆறுவதற்குள் லெஸ்யா இஞ்சு டேப்போடு கீழே இறங்கி வந்தாள்.

"என்ன அளக்குற?"

"சும்மாதான்."

"பேஸ்மெண்ட்டை மட்டும் கேக்காத லெஸ்யா. இங்க வேலை நடக்குது."

"என்ன வேலை?"

"கடைசி ஜோடிகளை ஒப்பிடுறேன்."

"ஒப்பிட்டு?"

"எழுதுறேன்."

"எழுதி?"

ஒரெஸ்ட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்த விஷயத்துல இந்த நாட்டுலயே என்னை அடிச்சுக்க ஆளில்ல, தெரியுமா?" என்றார்.

"அப்படின்னா ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா? அந்தக் கடைசி ஜோடிங்கள்ல நீ ஒருத்தனை எடு, நான் ஒருத்தனை எடுக்குறேன். ஜனவரியில சீசன் முடியுறப்ப யாரு எடுத்தவன் மேலயோ, பேஸ்மெண்ட் அவங்களுக்கு."

ஒரெஸ்டுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஹாக்கி மட்டைக்கு எந்தப் பக்கம் கைப்பிடி என்று கேட்கக்கூடியவள் என்பது அவர் எண்ணம். விதியை அவரே எழுதினார். தேர்ந்தெடுத்த ஆள் ஐஸில் நிற்கும்போது அவன் அணி போடும் கோலுக்கு ஒவ்வொரு புள்ளி கூடும், வாங்கும் கோலுக்கு ஒவ்வொரு புள்ளி குறையும். இடையில் அவன் எந்த அணிக்கு மாறினாலும் கணக்கு தொடரும். நவம்பர் பதின்மூன்று என்று தேதி போட்டு, இருவரும் கையெழுத்திட்டு, காகிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்கள்.

"பொம்பளைங்களுக்கு முதல் வாய்ப்பு" என்றார் ஒரெஸ்ட் பெருந்தன்மையாக.

"பொமராய்."

"யாரு?"

"எதிர்வீட்டு ரஸ்ஸோட அணியில ஆறாவது ஆள்."

ஒரெஸ்ட் தேடிப் பார்த்தார். அடி முப்பத்தொன்று. தள்ளாத கிழவிகூடத் துடைப்பத்தால் அதைவிட ஓங்கி அடிப்பாள். "அவன் ஒண்ணுமே பண்ண மாட்டானே லெஸ்யா."

"பாவம், இருந்துட்டுப் போகட்டும். பேரு நல்லாருக்கு."

ஒரெஸ்ட் வெர்னின் அணியிலிருந்த பிரானிகனை எடுத்தார். அடி எண்பத்தெட்டு. அன்று ராத்திரி முழுக்கத் தூக்கத்திலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

டிசம்பர் நடுவில் அந்தச் சிரிப்பு நின்றது. பிரானிகன் நாலு கோல் போடுவான், மூன்று வாங்குவான். மொத்தம் ஐந்து புள்ளி. பொமராய் ஒன்றுமே போடவில்லை, ஆனால் அவன் நிற்கும்போது எதிரணிக்கும் ஒன்றும் விழவில்லை. முன்னால் ஆடுகிறவர்கள் போட்ட கோலெல்லாம் அவன் கணக்கில் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்து எட்டுப் புள்ளி ஆகியிருந்தது. லெஸ்யா இப்போது வெளிப்படையாகவே அளந்தாள். சோபாவையும் சேர்த்து அளந்தாள்.

அப்போதுதான் ஒரெஸ்டுக்கு அந்த யோசனை உதித்தது. பொமராயைத் தன் அணிக்கே வாங்கிவிட்டால்? வாங்கி, ஆடவிடாமல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டால்? எட்டிலேயே உறைந்து கிடப்பான். பிரானிகன் தாண்டிப் போய்விடுவான். விதியில் இதற்குத் தடை இல்லை. எழுதியதே அவர்தானே.

எதிர்வீட்டு ரஸ் வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். ஒரெஸ்டும் ஒரு மண்வாரியை எடுத்துக்கொண்டு தற்செயலாகப் போவதுபோல் போனார்.

"ரஸ்ஸு, உன் பொமராயைக் குடுப்பியா?"

"எவன் அவன்?"

"உன் ஆறாவது ஆளுப்பா."

"ஓ, அப்படி ஒருத்தன் இருக்கானா? நீ என்ன தருவ?"

ஒரெஸ்ட் இரண்டு சாதாரண ஆட்களைச் சொன்னார். ஒரெஸ்ட் இவ்வளவு தூரம் பனியில் நடந்து வந்ததே ரஸ்ஸுக்குச் சந்தேகம். "லாரோக்கைத் தா" என்றார். காட்டெருமைகளுக்குக் கோல் போட்டுக்கொண்டிருந்த ஒரே மனிதன் லாரோக்.

"சரி" என்றார் ஒரெஸ்ட்.

ரஸ் மண்வாரியைக் கீழே போட்டுவிட்டார். "ஏம்பா, உடம்பு ஏதும் சரியில்லையா? லெஸ்யாவைக் கூப்பிடட்டுமா?"

"அவளை மட்டும் கூப்பிடாத" என்றார் ஒரெஸ்ட்.

திட்டம் கச்சிதமாக வேலை செய்தது. பொமராய் இரண்டு வாரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எட்டு எட்டாகவே நின்றது. பிரானிகன் பத்துக்கு ஏறினான். லெஸ்யா ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள். அது கொஞ்சம் நீளமான பெருமூச்சாக இருக்கிறதே என்று ஒரெஸ்டுக்கு அப்போது தோன்றவில்லை.

ஜனவரி ஆறாம் தேதி, உக்ரேனிய முறைப்படி கிறிஸ்துமஸ் விருந்து, வழக்கம்போல டாஃபின் ஊரில் லெஸ்யாவின் அக்கா வீட்டில். முதல் நட்சத்திரம் தெரிந்ததும் எல்லாரும் மேசையில் உட்கார வேண்டும். பன்னிரண்டு பதார்த்தம், ஒன்றிலும் கறி கிடையாது, எதையும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அன்று வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு நட்சத்திரம் தெரிந்தது. வாசலிலேயே அக்கா ஒரு கூடையை நீட்டி எல்லாருடைய ஃபோனையும் பிடுங்கிக்கொண்டாள்.

ஐந்தாவது பதார்த்தத்தில் ஒரெஸ்டுக்குச் சுரீர் என்றது. "லெஸ்யா, பட்டியல் அனுப்பல."

"சாப்பிடு."

"ஆறு மணிக்குள்ள அனுப்பலேன்னா கம்ப்யூட்டரே ஆளைப் பொறுக்கிடும்."

"பொறுக்கட்டுமே. உன்னைவிட மோசமாவா பொறுக்கிடப் போகுது?" என்று இன்னும் நாலு பெரோகியை அவர் தட்டில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் ஃபோனும் கையுமாகக் குளியலறைக்குள் போன ஒரெஸ்ட் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது, அழுவதா சிரிப்பதா என்று முகம் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. அடி எண்பது என்றால் மயங்குகிற பலவீனம் கம்ப்யூட்டருக்குக் கிடையாது. அது பொமராயை ஆடவிட்டிருந்தது. லாரோக் இல்லாத காட்டெருமைகள் மூன்று ஆட்டத்திலும் ஜெயித்திருந்தன. மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கோல்தான் வாங்கியிருந்தன. ரஸ்ஸின் அணிக்கு ஒரு வெற்றி பின்னால், இரண்டாம் இடம். மீதி ஒரே ஒரு வாரம். பொமராய் பதினொன்று, பிரானிகனும் பதினொன்று.

ஞாயிற்றுக்கிழமை காரில் திரும்பும்போது ஒரெஸ்ட் கேட்டார்.

"பொமராயை எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நீதான எழுதியிருந்த? போன அக்டோபர்ல. ஏழாம் பக்கம், அடிக்குறிப்பு. 'இவன் நிற்கும்போது எதுவுமே நடப்பதில்லை. கடைசி ஜோடிக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது'ன்னு."

கார் கொஞ்சம் ஆடியது. "நீ அதையெல்லாம் படிக்கிறியா?"

"பதினொரு வருஷமா. நாலாம் பக்கத்துல என் பெரோகியைப் போட்டியே, அதுல மாவுக்கு உப்பு சொல்ல மறந்துட்ட."

பதினொரு வருஷம் ஆளில்லாத மண்டபத்தில் பாடிக்கொண்டிருப்பதாக நினைத்தவருக்கு, முதல் வரிசையில் ஒருத்தி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது இப்போதுதான் தெரிந்தது. இந்த உலகத்திலேயே பாக்கியசாலி தான்தான் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நிமிஷம் அவள் கேட்டிருந்தால் காரைக்கூட எழுதிக் கொடுத்திருப்பார். அவள் கேட்கவில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கே ஒரெஸ்ட் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். பொமராயை உட்காரவைத்தால் பேஸ்மெண்ட் தப்பும், கோப்பை போய்விடும். ஆடவிட்டால் கோப்பை வரும், பேஸ்மெண்ட் போய்விடும். லெஸ்யா காபி கொண்டுவந்து வைத்தாள்.

"யாரைப் போடட்டும், நீயே சொல்லு."

"எதிராளிகிட்டயா யோசனை கேப்பாங்க?" என்று மாடிக்குப் போய்விட்டாள்.

ஐந்து ஐம்பத்தெட்டுக்கு ஒரெஸ்ட் பட்டியலை அனுப்பினார். ஆறாவது இடத்தில் பொமராய். பேஸ்மெண்ட் கிடக்கட்டும், தான் எழுதிய ஒரு அடிக்குறிப்பாவது உலகத்தில் ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கு ரோஷம் வந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் காட்டெருமைகள் மூன்றையும் ஜெயித்தன. ரஸ்ஸை நேருக்கு நேர் ஒன்றுக்குப் பூஜ்யம். பொமராய் பதினைந்து, பிரானிகன் பன்னிரண்டு. வெள்ளிப் பெயிண்ட் அடித்த பழைய காபி பாத்திரம்தான் அந்த லீக்கின் கோப்பை. வெர்ன் அதை எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். ஒரெஸ்ட் அதைக் கட்டிக்கொண்டு சமையலறையில் ஆடினார். லெஸ்யாவும் கூட ஆடினாள். அவளுடைய ஆட்டம் அவருடையதைவிடக் கொஞ்சம் உற்சாகமாகவே இருந்தது.

திங்கட்கிழமை காலையில் லாரி வந்து நின்றது. இரண்டு ஆட்கள் பன்னிரண்டு அடி மெஷினைப் பேஸ்மெண்ட்டுக்கு இறக்கினார்கள். சோபா கராஜுக்குப் போயிற்று. கம்ப்யூட்டர் துணி துவைக்கும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இரண்டடிச் சந்துக்குப் போயிற்று. ரசீதில் ஒரெஸ்டைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடப் போனவர் தேதியைப் பார்த்தார்.

"லெஸ்யா, ஆர்டர் குடுத்தது நவம்பர் மூணுன்னு இருக்கு."

"ஆமா. வந்து சேர ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும்னாங்க."

"நாம பந்தயம் வெச்சதே பதிமூணு."

"ஆமா."

"நான் அவனை வாங்கி உக்கார வெச்சப்போ?"

"அவனை நீ வாங்கணும்னுதான அவன் பேரைச் சொன்னேன். வாங்கிப் போடுன்னு நேரா சொல்லியிருந்தா நீ கேட்டிருப்பியா?"

ஒரெஸ்ட் யோசித்தார். கேட்டிருக்க மாட்டார். "சரி, கடைசி வாரமும் அவனை உக்கார வெச்சிருந்தா?"

"கோப்பை போயிருக்கும். நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஒரு வாரம் சாப்பிடாம இருந்திருப்ப. நான் பெரோகி செஞ்சு போட்டு சமாதானம் பண்ணி, அப்புறமா பேஸ்மெண்ட்டைக் கேட்டிருப்பேன். நீ குடுத்திருப்ப."

அதையும் யோசித்தார். கொடுத்துத்தான் இருப்பார். கோப்பையாவது மிச்சம் என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சந்தில் எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அதை இப்படிக் குடு" என்று லெஸ்யா கையை நீட்டினாள். "நூல்கண்டு போட்டு வைக்க ஒண்ணு இல்லாம நவம்பர்லேருந்து பாத்துக்கிட்டிருக்கேன்."