எலக்ட்ரிக் மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போகிறவன் வாயில் எதை வைத்திருக்கலாம் என்பதில் நம்மூரில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கேசரி வைத்திருக்கலாம். பஜ்ஜி வைத்திருக்கலாம். இரண்டும் இல்லையென்றால் அடக்கமாக ஒரு புன்னகை வைத்திருக்கலாம். சிவப்பு விளக்கு எரியும் குழாய் ஒன்றை வைத்துக்கொண்டு, வருங்கால மாமனாரைப் பார்த்து வெள்ளை வெளேரென்று ஊதிய மனிதன், எனக்குத் தெரிந்து, மன்னார்குடி வட்டாரத்திலேயே நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். கட்டிப்பிடித்து அழ வேண்டும்.)

இது நடந்தது 2009 வாக்கில். துபாயில், தேராவில், வண்டி உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியில் நான் கிளார்க். தினம் இரண்டு பாக்கெட் சிகரெட் ஊதிக்கொண்டிருந்தேன். என் இருமல் தாங்காமல் ரூமில் பக்கத்துக் கட்டில்காரர், "ஒண்ணு நான் தூங்கணும், இல்ல நீ காலி பண்ணணும்" என்று கெடு வைத்துவிட்டார். அந்தச் சமயத்தில்தான் இ-சிகரெட் என்ற புதுச் சரக்கு கையில் வந்து சேர்ந்தது. கடையில் கிடைக்காது, ஹாங்காங் போய் வந்த சேல்ஸ்மேன் ஒருவர் கொடுத்தது. பார்க்கப் பேனா மாதிரி இருக்கும். இழுத்தால் நுனியில் சிவப்பு விளக்கு எரியும், ஊதினால் புகை மாதிரி ஆவி வரும். சிகரெட்டை அப்படியே விட்டுவிட்டேன். (அந்தக் குழாயை அன்று பெரிய மருந்து மாதிரி கொண்டாடினேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன்.)

ஆனால் ஒரு நஷ்டம். எங்கள் ஆபீஸ் படிக்கட்டுக்குக் கீழே ஊதுகிறவர்கள் கூடும் இடம் ஒன்று இருந்தது. யாருக்கு லீவு கிடைத்தது, எந்த மேனேஜருக்கு யார் மேல் காட்டம் என்று உலக விஷயமெல்லாம் அங்கேதான் பேசப்படும். புதுக்குழாயோடு போய் நின்றால், "தள்ளி நில்லுப்பா, ஷாக் அடிச்சிடப் போவுது" என்று விரட்டினார்கள். புகையை விட்ட கையோடு பேச்சுத்துணையும் போயிற்று. சும்மா சொல்லக் கூடாது, மிகவும் கஷ்டமாக இருந்தது.

அந்தத் தவிப்பில் இன்டர்நெட்டில் இ-சிகரெட்காரர்களின் ஃபோரம் ஒன்றில் போய் விழுந்தேன். எல்லாரும் அமெரிக்கா, இங்கிலாந்துக்காரர்கள். ஆளுக்கு ஒரு புனைபெயர். நான் 'டெசர்ட் டிராகன்' என்று வைத்துக்கொண்டேன். (அப்போது என் எடை ஐம்பத்திரண்டு கிலோ.) ஒருநாள் அங்கே ஒருவர் இங்கிலீஷில் புலம்பியிருந்தார்: "பாட்டரி கலாஸ். ரூமில் சார்ஜர் மாஃபி. வாட் டு டூ?" பாட்டரி தீர்ந்துவிட்டது, சார்ஜர் இல்லை என்பதை இவ்வளவு அழகாகச் சொல்ல வளைகுடாவில் பல வருஷம் குப்பை கொட்டியிருக்க வேண்டும். நம்ம ஆள் என்று குதித்துவிட்டேன்.

அவர்தான் செல்வின் அண்ணன். குளச்சல்காரர், குவைத்தில் ஃபர்வானியாவில் ஏசி டெக்னீஷியன். கொஞ்ச நாளில் காதர் பாயும் வந்து சேர்ந்தார். கீழக்கரைக்காரர், ரியாத்தில் பத்தா பஜாரில் செல்போன் கடை வைத்திருந்தார். மூன்று நாடு, மூன்று ஆள், மூன்று குழாய். வெள்ளிக்கிழமை மதியம் காதர் பாய் தொழுகை முடித்துச் சாப்பிட்டுவிட்டு வந்ததும் மெசஞ்சரில் வெப்கேம் போட்டு உட்கார்ந்துவிடுவோம். குரல் வராது; துபாயில் இன்டர்நெட் வழியாகப் பேசுவதைத் தடை செய்து வைத்திருந்தார்கள். முகம் தெரியும், பேச்சு முழுவதும் டைப்பிங்கில்.

குரல் இல்லாததால் எங்களுக்குள் ஒரு வணக்கம் உருவாகியிருந்தது. திரையில் முகம் வந்ததும், குழாயை நெற்றிவரை உயர்த்தி, ஒரு இழுப்பு இழுத்து, அண்ணாந்து கேமராவைப் பார்த்து ஊத வேண்டும். மற்றவர்கள் பதிலுக்கு ஊதுவார்கள். இதில் தொழில்நுட்பமும் உண்டு. புகையின் அடர்த்தியைப் பார்த்தே செல்வின் அண்ணன், "லேய், ஒனக்க பாட்டரி சீக்கிரம் போவும்" என்று டைப் அடித்துவிடுவார். பாட்டரி, திரவம் ஒழுகும் குப்பி, எந்த வாசனை தொண்டையில் இறங்குகிறது என்று ஆரம்பிக்கும் பேச்சு, ஐந்தாவது நிமிஷம் மீன் குழம்புக்குப் போய்விடும். பிறகு காதர் பாய் மகளின் பரீட்சை, செல்வின் அண்ணன் கட்டிக்கொண்டிருக்கும் வீடு, என் கல்யாணம். வாரம் முழுக்க அந்த மதியத்துக்காகவே காத்திருந்தேன்.

என் கல்யாணப் பேச்சு ஒரு நாள் நிஜமாகவே வந்தது. பட்டுக்கோட்டைப் பெண். பெயர் வளர்மதி, பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். அப்பா தங்கராசு, மின்வாரியத்தில் ஃபோர்மேன். போட்டோ வந்த அன்றைக்கே நான் காலி. அதை மெசஞ்சரில் காட்டியபோது காதர் பாய், "மச்சான், இது அமைஞ்சா நீ பொழச்சே. அமையலன்னா எங்க ரெண்டு பேரையும் புலம்பியே கொன்னுருவே" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

என் அம்மா பெண் வீட்டாரிடம், "எம்புள்ளைக்கு பீடி சிகரெட்டு எதுவுமே கெடையாது" என்று சத்தியம் செய்திருந்தாள். அந்தத் தேதியில் அது உண்மைதான். எனக்கு லீவு கிடைக்க இன்னும் பல மாதம் இருந்ததால், வெப்கேமில் பார்ப்பது என்று முடிவாயிற்று. அவர்கள் பட்டுக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு வந்து உட்காருவார்கள். படம் மெசஞ்சரில், பேச்சு போனில் ஸ்பீக்கர் போட்டு. நாள் வெள்ளிக்கிழமை மதியம். எனக்கு வேறு எப்போது லீவு?

செல்வின் அண்ணன் அன்று காலையே போன் செய்தார். "மக்கா, அந்தக் கொழாய அடுக்களையில வச்சிட்டு வந்து இரி, கேட்டியா?" நான் கேட்டேன். ஆனால் கண்ணாடியில் பார்த்தபோது சட்டைப் பை வெறிச்சென்று இருந்தது. பேனா ஒன்று செருகியிருந்தால் ஆபீஸர் மாதிரி இருக்குமே என்று பட்டது. ரூமில் பேனா இல்லை. பேனா மாதிரி இருந்தது அது ஒன்றுதான். (கிளார்க்கின் ரூமில் பேனா இல்லை என்பதைக் கவனிக்கவும்.)

அதே நாற்காலி. அதே கேமரா. அதே நேரம். திரையில் பட்டுக்கோட்டை தெரிந்தது. நடுவில் தங்கராசு அவர்கள், பக்கத்தில் அவர் மனைவி, பின்னால் மாமா ஒருவர், ஓரத்தில் தலை குனிந்து வளர்மதி. எல்லாருக்கும் பின்னால் கடை ஓனர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தங்கராசு அவர்கள் இரண்டு கையையும் கூப்பி, "வணக்கம் தம்பி, நல்லா இருக்கியளா?" என்றார்.

நான் பதில் வணக்கம் வைத்தேன். எங்கள் வணக்கம். குழாயை நெற்றிவரை உயர்த்தினேன், இழுத்தேன், அண்ணாந்து ஊதினேன். புது பாட்டரி வேறு. அப்படி ஒரு புகை அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை.

ஊதி முடித்த பிறகுதான் உயிர் போனது. ஆனால் அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. "அங்கன வெயில் எப்புடி தம்பி?" என்று தங்கராசு அவர்கள் போனில் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது: குரல் உடனே போகிறது, படம் மெதுவாகத்தான் போய்ச் சேரும். என் புகை இன்னும் அரபிக்கடல் மேல்தான் இருக்கிறது! ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து கேமராவின் ஒயரைப் பிடுங்கினேன்.

பிடுங்காமல் இருந்திருந்தால் அந்தப் படம் வந்த வேகத்தில் கடந்து போயிருக்கும். பிடுங்கியதால் கடைசியாகப் போய்ச் சேர்ந்த காட்சி அப்படியே நின்றுவிட்டது. கண் பாதி சொருகி, மோவாய் மேலே தூக்கி, மூக்கு வாய் எல்லாவற்றிலும் புகை விட்டபடி, கையில் சிவப்பு விளக்கோடு, பட்டுக்கோட்டை பிரவுசிங் சென்டரின் திரை நிறைய நான்.

முதலில் பெண்ணின் அம்மாவுடைய அலறல். "அய்யய்யோ, பொகை வருதுங்க!" அடுத்து தங்கராசு அவர்கள், முப்பது வருஷ அனுபவத்தோடு: "தம்பி! மெயினை ஆஃப் பண்ணுங்க! ஒயரைத் தொடாதிய! முதல்ல மெயினு!"

கடவுளே கொடுத்த வழி என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "ஆமாங்க, சின்ன ஷார்ட் சர்க்யூட்டுங்க. சரி பண்ணிட்டேன்."

அப்போது மெல்லிய குரல் ஒன்று கேட்டது. நான் முதன்முதலாகக் கேட்ட வளர்மதியின் குரல். "ஷார்ட் சர்க்யூட் இல்லப்பா. நல்லாப் பாருங்க. கையில வச்சு ஊதுறாரு."

தங்கராசு அவர்கள் எழுந்து, மூக்கு உரசும் அளவுக்குத் திரையில் குனிந்து பார்த்தார். பிறகு, "சிகரெட்டா தம்பி?"

"இல்லைங்க, இது எலக்ட்ரிக்குங்க."

"எலக்ட்ரிக் சிகரெட்டா? எங்கிட்டயேவா?" என்றார் ஃபோர்மேன். போன் வைக்கப்பட்டது. கடை ஓனர் அந்தத் திரையைக் கலரில் ஒரு பிரின்ட் எடுத்து மாமாவிடம் கொடுத்ததும், வர முடியாத சொந்தக்காரர்களுக்குக் காட்ட அது பேராவூரணி வரை போனதும் பிற்பாடு தெரிந்தது.

கேமராவை மறுபடி மாட்டிக்கொண்டு நண்பர்கள் முன்னால் உட்கார்ந்தேன். டைப் அடிக்கவே முடியவில்லை. விஷயம் தெரிந்ததும் இருவரும் தங்கராசு அவர்களின் நம்பரைக் கேட்டார்கள். "நான் பேசி முடிச்சுத் தாரேன்" என்றார் செல்வின் அண்ணன். மூழ்குகிறவனுக்கு யோசனை எங்கே வரும்? கொடுத்துவிட்டேன்.

முதலில் பேசியவர் காதர் பாய். "அண்ணே, அவன் எனக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி. அப்படி ஒரு புள்ளைய நீங்க பார்க்க முடியாது" என்று உருகியிருக்கிறார்.

"எந்த ஊர்ல பழக்கம்?"

"நேர்ல பார்த்ததில்லண்ணே."

அடுத்தது செல்வின் அண்ணன். "தங்கமான பயலாக்கும். தெனம் ரெண்டு பாக்கெட்டு வலிச்சிட்டு கெடந்தான். இப்பம் ஒண்ணு கூட கெடையாது, பாத்துக்கிடுங்க." அம்மா செய்த சத்தியம் அந்த இடத்தில் தவிடுபொடி. ஆனால் பேச்சு அதோடு முடியவில்லையாம். "அந்தக் கருமம் எத்தன வோல்ட்டு?" என்று தங்கராசு அவர்கள் கேட்க, "மூணே முக்கால் கிட்ட வரும்" என்று இவர் சொல்ல, "அதுல எப்புடிய்யா சூடாவும்?" என்று அவர் மடக்க, செல்வின் அண்ணனின் போன் கார்டு தீரும்வரை இரண்டு பேரும் குழாய்க்குள் சூடாகும் கம்பிச்சுருளைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். "மக்கா, நல்ல மனுஷன்டே" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் நல்ல மனுஷனாக இருந்து எனக்கு என்ன ஆகப் போகிறது? அன்று மாலை முழுக்க கட்டிலில் குப்புறப் படுத்திருந்தேன்.

மறுநாள் ஆபீஸில் ஒரு மிஸ்டு கால். இந்திய நம்பர். திருப்பிக் கூப்பிட்டேன்.

"நான் வளர்மதி பேசுறேன். ஷார்ட் சர்க்யூட் சரியாயிடுச்சா?"

பக்கத்து மேஜைக்காரருக்குக் கேட்காதபடி போனோடு படிக்கட்டுப் பக்கம் ஓடினேன்.

"ரெண்டு பாக்கெட் குடிச்சது உண்மையா?"

"உண்மைங்க."

"இப்ப ஒண்ணு கூட இல்லையா? நிஜமா?"

"நிஜமாங்க. இந்தக் குழாய் மட்டும்தான்."

"குழாய் கதைய அப்புறம் பார்த்துக்கலாம். எங்கப்பா டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னாடி நின்னு ஒளிஞ்சு ஒளிஞ்சு சிகரெட் குடிக்கிறாரு. நானும் பத்து வருஷமா சண்டை போட்டுப் பார்த்துட்டேன். நேத்து உங்க ஃபிரெண்டுகிட்டதான் மனுஷன் சிரிச்சுப் பேசினாரு. நீங்க மூணு பேரும் சேர்ந்து அவரை விட வைங்க. அப்புறம் நாள் குறிக்கிறதைப் பத்திப் பேசலாம்."

என் இருபத்தெட்டு வருஷ வாழ்க்கையில் யாரும் என்னை நம்பி இவ்வளவு பெரிய வேலையைக் கொடுத்ததில்லை. சந்தோஷத்தில் அன்று யாருக்கோ போக வேண்டிய கியர் பாக்ஸை மஸ்கட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

லீவில் போன ஒருவரிடம் குழாய் ஒன்று கொடுத்தனுப்பினேன். தங்கராசு அவர்கள் அதை ஒரு தடவைகூட வாயில் வைக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அக்கக்காகக் கழற்றினார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. ஆனால் சந்தேகம் கேட்பதற்காக வெள்ளிக்கிழமை பிரவுசிங் சென்டருக்கு வந்தார். அடுத்த வெள்ளியும் வந்தார். குழாய் இல்லாததால் டீ கிளாஸை நெற்றிவரை உயர்த்தி, அதன் ஆவியை கேமராவில் ஊதி எங்களுக்கு வணக்கம் வைத்தார். ஒற்றை விரலால் அவர் ஒரு வரி அடித்து முடிப்பதற்குள் நாங்கள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். சிகரெட் ஞாபகம் வந்தால் மற்ற நாட்களிலும் கடைக்கு ஓடி வந்து, எங்களில் யாராவது இருக்கிறோமா என்று தேட ஆரம்பித்தார். டூட்டி நேரத்தில் காதர் பாய் எத்தனையோ தடவை வாடிக்கையாளரை நிற்க வைத்துவிட்டு அவரோடு பேசியிருக்கிறார். சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, மின்வாரியத்து மனிதர் ஒரே வரி அடித்தார்: "கனெக்‌ஷன் கட் பண்ணியாச்சு." குவைத்தில் செல்வின் அண்ணன் எழுந்து நின்று ஆடினார். நான் அழுதேன். கேமரா இருந்ததால் எல்லாரும் பார்த்தார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டபத்தில் பெண் வீட்டார் வரிசையாக வந்து என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் அண்ணாந்து காட்டுங்க மாப்ள, அப்பத்தான் அடையாளம் தெரியுது" என்றார்கள். செல்வின் அண்ணனுக்கும் காதர் பாய்க்கும் லீவு கிடைக்கவில்லை. என் குழாயையும் அந்த வருஷமே வளர்மதி வாங்கி எங்கேயோ வைத்தாள். எங்கே என்று கேட்கும் தைரியம் இன்றுவரை வரவில்லை.

பல வருஷம் கழித்து அவர்கள் இருவரும் ஒரே சமயத்தில் ஊருக்கு வந்தார்கள். பட்டுக்கோட்டை வீட்டு வாசலில் காரிலிருந்து இறங்கினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நேரில் பார்க்கப் போகிறேன் என்று கையை விரித்துக்கொண்டு ஓடினேன். இருவரும் என்னைத் தாண்டிப் போய் மாமனாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேரும் மாடியில் உட்கார்ந்து சாயங்காலம்வரை ஒரே சிரிப்பு. நான் காபி டம்ளர்களோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். நாலாவது தடவை இறங்கியபோது அடுப்படியில் வளர்மதி மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னாள்:

"மாப்பிள்ளை பார்க்கத்தான் எங்கப்பா அன்னைக்கு பிரவுசிங் சென்டருக்குப் போனாரு. ரெண்டு நல்ல ஃபிரெண்டு அமைஞ்சுது. கூட நீங்க ஃப்ரீயா வந்தீங்க."

என் மகள் அப்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அவள்தான் அறிமுகம் செய்துவைக்கிறாள். "இது எங்க தாத்தா. இது தாத்தாவோட ஃபிரெண்ட்ஸ் போட்டோ. இது எங்கப்பா, ஃப்ரீயா வந்தவரு."