பானெட்டின் மூக்கும் பல் டாக்டரும்

இந்த ஞாயிற்றுக்கிழமை ரேஸ் மைதானத்தில் காரைத் தான்தான் ஓட்டுவது என்று பல் டாக்டர் முடிவு கட்டிவிட்டார். வானமே இடிந்து விழட்டும், மனைவியே முறைக்கட்டும், அசைவதாயில்லை.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருவரும் சேர்ந்து வாங்கியது. ஆனால் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மணி ஸ்டியரிங்கை விட்டால்தானே? மைதானத்தில் ஒரு காருக்கு ஒரே ஆள். இதுவரை அந்த ஆள் அம்மணிதான். டாக்டர் ஹெல்மெட்டைத் துடைத்துக் கொடுத்ததோடு சரி.

வெள்ளிக்கிழமை பேச்சை எடுத்தார்.

"இந்தத் தடவை விடமாட்டேன்!"

"முதல்ல வண்டி நேராப் போகணுமே? வேகம் ஏறினா பானெட் படபடன்னு அடிக்குது. முன்பக்கம் தூக்குது."

"ஏனாம்?"

"பானெட் மேல மூக்கு மாதிரி இருக்கே, அதுல வர்ற காத்து நேரா இன்ஜினுக்குள்ள போகணும். நடுவுல இருக்கிற ரப்பர் இத்துப்போச்சு. காத்தெல்லாம் அடியில புகுந்து பானெட்டை மேல தள்ளுது. சரி, பங்கு போட்டுக்கலாம். ஓட்ட உங்களுது. டயர், பிரேக், பெட்ரோல் எல்லாம் என்னுது."

டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

"ஓட்ட என்னுதா? சத்தியமா?"

"சத்தியமா. நான் கையே வைக்கமாட்டேன்."

"பேச்சு மாறமாட்டியே?"

"நீங்க மாறாம இருந்தாச் சரி."

ஓட்டப்போவது தானாயிற்றே, உயிர் வெல்லம் அல்லவா? சனிக்கிழமை கிளினிக்கைப் பூட்டிவிட்டு பானெட்டுக்குள் தலையை விட்டார். பல் அச்செடுக்கும் மாவை விளிம்பெல்லாம் வைத்து பானெட்டை மூடித் திறந்தார். மாவு நசுங்காத இடமெல்லாம் இடைவெளி. அங்கெல்லாம் பஞ்சு ரப்பரை அளந்து வெட்டி ஒட்டினார். பழக்கதோஷத்தில், "இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க" என்று பானெட்டிடமே கேட்டுக்கொண்டார். மாலையில் காற்றுப் புக ஒரு மயிரிழைகூட மிச்சமில்லை.

ஞாயிறு காலை மைதானத்தில் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தால், ஸ்டியரிங் முன்னால் ஹெல்மெட்டோடு அம்மணி!

"இறங்கு! ஓட்ட என்னுதுன்னு சத்தியம் பண்ணினியே!"

"ஆமா, ஓட்டை உங்களுது. அருமையா அடைச்சிட்டீங்க. நான் கை வச்சேனா? வண்டி ஓட்டறது யாருன்னு பேச்சே வரலையே!"

ஓட்டையை அடைத்தவர் கோட்டை விட்டார். கார் கோடு கிழித்தாற்போல் நேராகப் பறந்தது. பானெட் முணுமுணுக்கக்கூட இல்லை. பார்த்த டாக்டருக்குப் பெருமையும் ஆத்திரமும் சேர்ந்தே பொங்கின. ஆனாலும் மனிதர் விடுவதாயில்லை. அம்மணி இறங்கியதும் எதிரே போய் நின்றார்.

"இனிமே நம்ம வீட்டுல வாய்ப்பேச்சே கிடையாது. எல்லாம் எழுத்துலதான். எழுத்துல ஓட்ட வேற, ஓட்டை வேற!"

"தாராளமா எழுதுங்க" என்று ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்தார் அம்மணி. "எழுதிக் குடுத்தீங்கன்னா, நானே சத்தமா வாசிச்சுக் காட்டறேன்."