நான் இசைத்தட்டின் மேல் உட்காரவில்லை

குடும்பக் கதைகளில் உண்மை நெடுநாள் தங்குவதில்லை என்பதை நான் அறிவேன். ஆயினும் ஒரு படித்த மனிதனைப் பற்றிக் கதைக்கும்போது, அவன் எந்த உறுப்பால் அழிவை உண்டாக்கினான் என்பதிலாவது கவனம் இருக்கவேண்டாமா? சென்ற மாதம், என் மனைவி இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் பந்தியில், அவளுடைய தங்கை, அதாவது என் மச்சாள், வந்திருந்தவர்களுக்கு அந்தக் கதையை எடுத்தாள். "அத்தான் பொம்பிளை பார்க்க வந்த அண்டைக்கு அப்பாட ரெக்கோட்டுக்கு மேல இருந்திட்டார்" என்றாள்.

நான் இருக்கவில்லை. பெருவிரலை வைத்தேன். அதுவும் தக்க காரணத்தோடு வைத்தேன். சம்பவ நேரத்தில் மச்சாள் பள்ளிக்கூடத்தில் இருந்தவள். அவளுடைய பிழைகளைத் திருத்தும் பொறுப்பு இதுநாள்வரை என் மனைவியிடம் இருந்தது. இனி நானே எழுதவேண்டியிருக்கிறது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. பட்டம் பெற்று, திருகோணமலைக்குப் பௌதிகவியல் ஆசிரியனாக வந்து சேர்ந்த புதிது. அப்போது வானொலியில் ஒரு புதிய பாடகர் வரத் தொடங்கியிருந்தார். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் வாசகர்கள் அணி பிரிந்து அடிபடுவார்கள், நான் சொல்லவந்தது நின்றுபோகும். காதோடு பேசுவது போன்ற தாழ்ந்த குரல். முந்திய பத்தாண்டின் புகழ்பெற்ற பாட்டுகளோ, ஒலிபெருக்கி இல்லாத நாடகமேடையில் கடைசி வரிசைக்காரனையும் உலுக்கி எழுப்பப் பழகிய குரல்களால் பாடப்பட்டவை. மெட்டெல்லாம் தங்கம், குரல் மட்டும் காதில் ஊசி. அந்தப் பாட்டுகளை என்னுடைய பாடகர் மறுபடி பாடினால் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்வது என் பொழுதுபோக்காக இருந்தது. பொழுதுபோக்கு என்பது தவறு; கொள்கை. உள்துறைமுக வீதியால் சைக்கிளில் போகும்போது ஒவ்வொரு பாட்டாக அவரை எனக்குள் பாடவைப்பேன். (எனக்குள் என்றுதான் நினைத்திருந்தேன். எதிரில் வந்தவர்கள் ஏன் ஓரமாக ஒதுங்கினார்கள் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.)

பெண்ணைக் கோயில் தேரன்று கண்டிருந்தேன். இந்தச் சம்பந்தம் தவறக்கூடாது என்பதைத் தவிர அந்நாளில் எனக்கு வேறு விருப்பம் இருக்கவில்லை. இதை அண்ணருக்குக்கூடச் சொல்லவில்லை. அவரோ வழிநெடுக எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டு வந்தார்: "தாற பலகாரத்தைச் சாப்பிடு, தேத்தண்ணியைக் குடி. கேட்டா மட்டும் கதை."

நான் கேட்டதற்கு மட்டுமே கதைத்தேன். இது பதிவாகவேண்டும்.

பெண்ணின் தந்தை கடற்படைத் தளத்தில் களஞ்சியப் பொறுப்பாளர். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கிய கிராமபோன் பெட்டி அவருடைய முன் அறையில் இருந்தது. சுவாமிப் படங்கள் அதற்குப் பக்கத்தில் சற்றுக் கீழே இருந்தன. எங்களை வரவேற்றுக் கதிரையில் இருத்தியதும், பட்டுத் துணியிலிருந்து ஒரு தட்டை எடுத்தார். தலைமன்னாரில் கப்பலேறி இந்தியாவுக்குப் போய் வாங்கி, மடியில் வைத்தே கொண்டுவந்தது என்றார். சாவி கொடுத்தார். நாற்பதுகளின் குரல் ஒன்று கிளம்பியது. முற்றத்துக் காகங்கள் இடம் மாறின.

பாட்டு முடிந்ததும் ஈரம் படிந்த கண்ணோடு என்னைப் பார்த்து, "இந்தக் குரலுக்கு இண்டைக்கு ஆள் இருக்கோ, தம்பி?" என்றார்.

கேள்வி கேட்டவர் அவர். மெட்டு மிக உயர்ந்தது என்றும், குரலை மட்டும் சற்றுத் தாழ்த்தினால், அதாவது இன்ன பாடகர் பாடினால், பாட்டு அதன் உரிய நிலையை அடையும் என்றும் மிகுந்த மரியாதையோடு சொன்னேன். அண்ணர் இருமினார். பிறகு என் காலை மிதித்தார்.

"தாழ்த்திறதோ? அதென்ன தம்பி, வானொலிப் பெட்டியோ, முறுக்கிக் குறைக்க?"

குசினிப் பக்கம், அடுப்படியிலிருந்து, ஒரு பெண்சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது. அந்தச் சிரிப்பு எனக்கு எதிரானதா, சார்பானதா என்று விளங்கவில்லை. எதுவாயினும், நிரூபணம் கொடுக்காமல் வீடு திரும்ப ஏலாது என்று தோன்றிவிட்டது.

நிரூபணம் எளியது. தட்டு மெதுவாகச் சுழன்றால் அதிர்வெண் குறையும், குரல் தாழும். மாமனாராக வரவிருந்தவரிடம் அதே பாட்டை மறுபடி போடச் சொன்னேன். (போட்டார், பாவம். புகழப்போகிறேன் என்று நினைத்திருப்பார்.) மையத்திலிருந்து விலக விலகச் சிறிய விசையே போதும் என்பதால், சுழல்மேடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தட்டின் விளிம்பில் பெருவிரலை வைத்து அழுத்தினேன்.

குரல் இறங்கியது. சத்தியமாக இறங்கியது. முழுதாக ஒரு வரி, அந்த அறையில், நாற்பதுகளின் பாட்டை என்னுடைய பாடகர் பாடினார்.

அடுத்த வரி வரவில்லை. கொட்டைப்பாக்கு வெட்டிய மாதிரி ஒரு சத்தம். பிறைத்துண்டு ஒன்று என் விரலின் கீழ் கழன்று வந்தது. ஊசி எங்கோ தெறித்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் நிதானமாக ஊதியது.

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"தம்பி, விரலை எடுங்கோ" என்றார்.

அப்போதுதான் பார்த்தேன். உடைந்த துண்டை நான் இன்னும் அழுத்திக்கொண்டு நின்றேன்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு ஒன்று அந்தப் பெட்டியிலேயே இருந்ததாம். இருந்ததை ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். பட்டப்படிப்பில் கிராமபோன் ஒரு பாடமல்ல.

அண்ணர் பஸ் நிலையம் வரை எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். மறுநாளே தரகர் வந்து, பாட்டின் குரல்வளையில் கைவைக்கிறவனுக்குப் பெண் இல்லை என்று பெண்ணின் தந்தை சொன்னதை ஒரு சொல் குறையாமல் ஒப்புவித்தார். பௌதிகவியல் என் பக்கம் இருந்தது. அதனால் ஒரு பயனும் இருக்கவில்லை.

அதன்பின் அந்த வீட்டில் நடந்ததை, என் மனைவியான பின்னாளில் அவள் எனக்குச் சொன்னாள். தந்தை மூன்று வேளையும் என்னை ஏசியிருக்கிறார். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சோறு பரிமாறும்போது, "அந்த ஒரு வரி நல்லாத்தான் இருந்ததப்பா" என்றிருக்கிறாள். "மிச்சத்தையும் கேக்கவேணும் போல இருக்கு."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டாராம். ஆனால் தரகர் திரும்ப வந்தார். கலியாணத்தன்று கிராமபோன் பெட்டியை அயல்வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

அதுமுதல் நான் எதைத் தொட்டாலும் அதே வசனம். சந்தையில் மாம்பழம் பழுத்ததோ என்று பார்த்தால், என் மனைவி, "விரலை எடுங்கோ." வானொலியின் முள்ளைத் திருப்பினால், "விரலை எடுங்கோ." பிறந்த பிள்ளையின் கன்னத்தைத் தொட்டதற்கும் அதுவே. என் பிள்ளைகள் எனக்கு முன்னால் நின்று அதையே சொல்லி வளர்ந்தார்கள். என்னுடைய பாடகரோ அந்தப் பழைய பாட்டுகளில் ஒன்றையேனும் இன்றுவரை பாடவில்லை. இதை நான் மன்னிப்பதாயில்லை. மாமாவும் அண்ணரும் போய்விட்டார்கள். அந்த ஒரு வரியைக் கேட்டவர்களில், நல்லாயிருந்தது என்று சாட்சி சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான்.

அவளைக் கிடத்தியிருந்த பெட்டியை மூடும் நேரம் என் கை அதன் விளிம்பில் இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. மூடியைப் பிடித்திருந்தவர்கள் காத்து நின்றார்கள். மச்சாள்தான் பக்கத்தில் வந்து, "அத்தான், விரலை எடுங்கோ" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

நான் குசினிப் பக்கம் பார்த்தேன். பிறகு விரலை எடுத்தேன்.